செடி வைத்த பல்லித் தொட்டியில் பூச்சி வந்தால்: மருந்து தெளிக்காமல் விரட்டும் வழி

நான் வளர்க்கும் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. கண்ணில் தூசி பட்டால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன், அதைப் பெரும்பாலும் சீண்டாது. ராத்திரி இலைகளில் நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். இதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே போதும், தொட்டிக்குள் ஏன் எதையும் தெளிக்கக் கூடாது என்று புரிந்துவிடும். இலைமேல் நீங்கள் அடிப்பது எதுவாக இருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே அது பல்லியின் வாய்க்குள் போய்விடும், கண்ணிலும் தடவப்படும்.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க, உயிரை வைத்து உயிரை அடக்குவது, தண்ணீரையும் தீனியையும் குறைத்துப் பூச்சியைப் பட்டினி போடுவது, கையால் பொறுக்குவது என்ற மூன்றுக்குள்தான் இருக்கும். பல்லியின் இரத்தத்தையே குடிக்கும் பாம்பு உண்ணி ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்லும் அளவுகள் பொருந்தும். நியூ ஜெர்சியில் ஒரு அபார்ட்மெண்டில், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரக் கண்ணாடித் தொட்டி. அடியில் களிமண் உருண்டைகள் போட்ட வடிகால் அடுக்கு, அதன்மேல் வலை, அதற்குமேல் தேங்காய் நார்த்தூள், ஆர்க்கிட் பட்டை, கரித்துண்டு, பாசி கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த ஓக் இலை. செடிகள் மணி பிளாண்ட், ஒரு புரோமிலியாட், சுவரில் ஏறும் குட்டி அத்தி. மண்ணுக்குள் துப்புரவுப் படை இருக்கிறது: ஸ்பிரிங்டெயில், ஐசோபாட். ஸ்பிரிங்டெயில் என்பது ஈரமண்ணில் வாழும், துள்ளும் மிகச் சின்ன உயிர். ஐசோபாட் என்றால் ஈரச் செங்கல்லைப் புரட்டினால் அடியில் ஓடுமே, சில வகை தொட்டதும் உருண்டுகொள்ளுமே, அதுதான். பல்லியின் எச்சம், அழுகிய இலை, பூஞ்சை எல்லாவற்றையும் தின்று மண்ணாக்குவது இந்த இரண்டும்தான். ஐசோபாட் பூச்சி இனமே இல்லை, நண்டு, இறால் வகையறா. ஈரம் இருந்தால்தான் மூச்சு விட முடியும். பூச்சி மருந்து என்று எழுதியிருக்கும் எதுவும் அதையும் பெரும்பாலும் சேர்த்தே கொல்லும். அதுவும் ஸ்பிரிங்டெயிலும் செத்துவிட்டால் தொட்டி வெறும் அழுக்குப் பெட்டிதான்.

நியூ கலிடோனியா தீவுகளில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த பல்லி இது, 1994இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும், 28ஐத் தாண்டினால் திண்டாடும். சென்னை மதுரைப் பக்கம் ஏசி இல்லாமல் வளர்க்க முடியாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சோந்தி போன்ற நம் ஊர் விலங்குகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, வீட்டில் வைக்கவே கூடாது. வேறு ஊர்வன வைத்திருப்பவர்களுக்கு இங்கே சொல்வதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

எது பூச்சித் தொல்லை, எது இல்லை

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பயந்துபோய்ச் செய்யும் தவறு, நல்லதைக் கொல்வது. ஒரு கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் வாங்குங்கள், ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மண்ணிலும் மரக்கட்டையிலும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தால் அது புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் இயல்பு. ஸ்பிரிங்டெயில் பெருகப் பெருகத் தானே போய்விடும். நீளவாக்கில் வெள்ளையாக இருந்து, ஊதினால் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில், விட்டுவிடுங்கள். உருண்டையாக, மெதுவாக, துள்ளாமல் நகரும் வெள்ளைப் புள்ளிகள் தானிய உண்ணிகளாக இருக்கலாம். தீனி மிச்சம் கிடக்கும் இடத்தில் குவியும், பல்லியைக் கடிக்காது, ஆனால் நீங்கள் அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று அர்த்தம். சின்ன மரவட்டைகள் அழுகியதைத்தான் தின்னும், எண்ணிக்கை எல்லை மீறாத வரை விடலாம். காளான் முளைத்தால் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான். பூரானைப் பார்த்தால் மட்டும் யோசிக்காமல் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

பல்லியின் உடம்பில், கண்ணோரத்தில், கழிவுத் துவாரத்தைச் சுற்றிக் கறுப்பாகவோ சிவப்பாகவோ புள்ளி நகர்ந்தால் இந்தக் குறிப்பை இங்கேயே நிறுத்திவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

ஃபங்கஸ் நாட்: எல்லோருக்கும் வரும் கொசு

கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது, மண்ணிலிருந்து கிளம்பி விளக்கைச் சுற்றும், நீங்கள் டீ குடித்தால் டீயில் விழும். கடையில் வாங்கிய செடியோடோ மண்ணோடோதான் பெரும்பாலும் வரும். பறப்பதைப் பார்த்து அதை அடிக்கத் தோன்றும். ஆனால் பறப்பது ஒரு வாரம்போல் வாழ்ந்து சாகப்போகும் ஒன்று. பிரச்சினை மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பெண் ஈ ஈரமண்ணில் நூறு முட்டைக்கு மேல்கூட இடும், சில நாளில் பொரிந்து, கறுத்துப் பளபளக்கும் தலையுள்ள கண்ணாடி போன்ற புழுவாகி, இரண்டு வாரம் பூஞ்சையையும் இளம் வேரையும் தின்று, கூட்டுப்புழுவாகி, மறுபடி பறக்கும். மொத்தம் மூன்று நான்கு வாரச் சுற்று. இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் பொறுமை வரும், ஏனென்றால் நீங்கள் இன்றைக்கு என்ன செய்தாலும் ஏற்கெனவே கூட்டுப்புழுவாக இருப்பவை வெளிவரத்தான் செய்யும்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிய உருளைக்கிழங்கு போதும். ஒரு அங்குலத் தடிமனில் வெட்டி மண்மேல் வெட்டுப்பக்கம் படும்படி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் கருந்தலைப் புழுக்கள் ஒட்டியிருக்கும். எத்தனை துண்டில் எத்தனை புழு என்று எழுதி வையுங்கள், அதே இடத்தில் இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்து ஒப்பிடலாம்.

எனக்கு வந்தது ஒரு பிப்ரவரியில். ஹீட்டர் ஓடி வீடு காய்ந்து கிடந்தது, ஈரப்பதம் குறைகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர் அடித்தேன். இலைகள் காய்ந்துகொண்டே இருந்ததால் மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. வடிகால் அடுக்கு நிறைந்து தண்ணீர் வலைக்கு மேலே வந்து, மண் சேறாகி, மூடியைத் திறந்தால் சாக்கடை வாடை. ஃபங்கஸ் நாட் அதற்குப் பிறகு வந்த விருந்தாளிதான். அதனால்தான் சொல்கிறேன், முதல் வேலை தண்ணீர். ஒரு குழாய் வைத்தோ ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு வைத்தோ வடிகால் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். மண்மேல் ஊற்றுவதை நிறுத்தி, ராத்திரி இலைகளுக்கும் சுவருக்கும் மட்டும் மெல்லிய தெளிப்பு. கிரெஸ்டட் கெக்கோவுக்கு ராத்திரி ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறி, பகலில் 50, 60க்கு இறங்குவதுதான் நல்லது; எப்போதும் நனைந்தே இருப்பது பல்லியின் தோலுக்கும் ஆகாது. மேல்மண் ஒரு அங்குலம் காயட்டும், ஒரு மூலையில் மட்டும் பாசியை ஈரமாக வைத்திருங்கள், ஐசோபாட்கள் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். தொட்டியின் மேல்வலையைப் பாதி மூடி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள், காற்று ஓடட்டும்.

இதிலேயே பாதி அடங்கும். மீதிக்கு மூன்று துணைகள் இருக்கின்றன.

ஒன்று, பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். 1976இல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையில் கிடைத்தது. கொசு, ஃபங்கஸ் நாட் போன்றவற்றின் புழு இதை விழுங்கினால், அதன் காரத்தன்மையுள்ள குடலில் நச்சு கரைந்து குடல்சுவர் கிழிந்துவிடும். பல்லிக்கும் ஐசோபாட்டுக்கும் ஸ்பிரிங்டெயிலுக்கும் ஒன்றும் செய்யாது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் கொசு ஒழிப்புக்காக இதே பாக்டீரியாவின் ஒரு வகையை உருவாக்கியிருக்கிறது. இங்கே அமெரிக்காவில் மஸ்கிட்டோ பிட்ஸ் என்ற பெயரில் மக்காச்சோளச் சக்கையில் பூசி விற்கிறார்கள். கேலன் தண்ணீருக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, 4 மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். சக்கையை மண்ணில் கொட்டாதீர்கள், அது பூசணம் பிடித்து ஃபங்கஸ் நாட் புழுவுக்கே தீனியாகும். என் அளவுத் தொட்டிக்கு ஒரு டம்ளருக்கு மேல் தேவைப்படாது. இல்லையென்றால் மறுபடி சேறுதான். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வழக்கமாக ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாகத்தான் இது, அதற்கு மேல் கூடுதலாக அல்ல.

இரண்டாவது நூற்புழு, ஸ்டைனர்னீமா ஃபெல்டியே. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு, நாட் புழுவின் வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே போய், தன் வயிற்றில் வைத்திருக்கும் பாக்டீரியாவை அங்கே விட்டுவிடும். சில நாளில் கதை முடியும். பல்லிக்கு ஆபத்தில்லை. இது உயிருள்ள சரக்கு என்பதை மறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், தேதி தாண்டினால் வெறும் தூள். குளோரின் இல்லாத, அறைச்சூட்டில் இருக்கும் தண்ணீரில் கலக்கி, அடியில் படியாமல் அடிக்கடி ஆட்டிக்கொண்டே, விளக்கணைந்த பிறகு மண்ணில் விடுங்கள். புற ஊதா ஒளியில் செத்துவிடும். கலக்கிய தண்ணீரை நாளைக்கு என்று வைக்க முடியாது. இதற்கு மட்டும் மண் இரண்டு வாரம் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும், அதனால் சேற்றை வடித்து முடித்த பிறகுதான் இதை ஆரம்பிக்கணும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் ஸ்கிமிட்டஸ் என்ற மண் வேட்டை உண்ணி. பழைய பெயர் ஹைப்போவாஸ்பிஸ் மைல்ஸ், சில பொட்டலங்களில் இன்னும் அப்படித்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பழுப்பு நிறம், விறுவிறுவென்று ஓடும். நாட் புழு, மண்ணில் இருக்கும் இலைப்பேன் கூட்டுப்புழு, தானிய உண்ணி எல்லாவற்றையும் தின்னும். பல்லியைக் கடிக்காது. உமித்தூள் மாதிரி ஒன்றில் கலந்து வரும், இரண்டு மூன்று மேசைக்கரண்டி இலைச்சருகின் மேல் தூவினால் போதும். ஒரு விஷயத்தை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை: இது ஸ்பிரிங்டெயிலையும் தின்னும். முழுக்க அழித்துவிடாது, ஆனால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி குறையும். அதனால் இதை விடுவதற்கு முன்னால் தனியே ஒரு டப்பாவில் ஸ்பிரிங்டெயில் வளர்க்க ஆரம்பியுங்கள். கரித்துண்டுகள், பாதி உயரத்துக்குத் தண்ணீர், வாரத்துக்கு ஐந்தாறு அரிசி மணி. அரிசியில் பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்று இவை பெருகும். தொட்டியில் குறைந்தால் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிடலாம்.

மூன்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். தண்ணீரைச் சரிசெய்து பத்து நாள் பாருங்கள், அப்புறம் பி.டி.ஐ., அதற்கும் அடங்காவிட்டால் நூற்புழுவோ உண்ணியோ. நான் தண்ணீரையும் பி.டி.ஐ.யையும் வைத்தே மூன்றாவது வாரக் கடைசியில் உருளைக்கிழங்கில் ஒரு புழுகூட இல்லாத நிலைக்கு வந்தேன்.

மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மூடிக்கு வெளியே, விளக்குப் பக்கம் மாட்டுங்கள். உள்ளே வைத்தால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் பல்லி அதில் கால் வைக்கும், பயந்து வாலை உதிர்க்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு உதிர்ந்த வால் மறுபடி முளைக்காது. தவறிப்போய் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒட்டிய இடத்தில் தடவி மெதுவாக விடுவியுங்கள். பூச்சி தின்னும் பிங்குவிக்குலா செடி ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன், அதன் பிசுபிசுப்பான இலை நிறைய நாட் பிடிக்கிறது, பார்க்கவும் அழகு.

பழ ஈ வந்தால் காரணம் பழக்கூழ்த் தீனிதான். சாயங்காலம் வைத்ததை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள், கிண்ணத்தைக் கழுவுங்கள், தொட்டிக்கு வெளியே ஆப்பிள் வினிகரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் போய்விடும். தீனிக்குப் போட்ட வெட்டுக்கிளியோ சில்வண்டோ தப்பித்து மறைந்தால் அதையும் தொல்லை என்றே கணக்கில் வையுங்கள், தூங்கும் பல்லியைச் சில்வண்டு கடிக்கும், செடியையும் தின்னும். ராத்திரி ஒரு கேரட் துண்டு வைத்தால் அங்கே வரும், பிடித்துவிடலாம். புரோமிலியாட் நடுவில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி நிரப்புங்கள், கோடையில் நிஜக் கொசுவே முட்டையிடும்.

செடியில் வருபவை

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, இலைப்பேன், செம்பேன். ஈரமான தொட்டியில் செம்பேன் அவ்வளவாக வராது. மாவுப்பூச்சிதான் பெரிய தலைவலி, மணி பிளாண்டின் கணுக்களிலும் புரோமிலியாட் இலையின் அடியிடுக்கிலும் வெள்ளைப் பஞ்சாக உட்கார்ந்திருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் சூறையாடியது, மருந்தடித்து அடங்கவில்லை. 2010இல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று முடித்தது. வயல் அளவில் நம் கண்முன்னால் நடந்த விஷயம் என்பதால்தான் இந்த வழிமேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை. அதற்கும் முன்னால், 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், காபிச் செடியின் செதில் பூச்சிக்காக. அது மாவுப்பூச்சியை விரும்பித் தின்று இங்கேயே தங்கிவிட்டது.

அந்த வண்டைத் தொட்டியில் விடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பொறிவண்டு இனம் கசப்பான தற்காப்பு நீரைக் கக்கும், பல்லி அதைப் பிடித்துத் தின்னப் பார்க்கும், இரண்டுக்கும் நல்லதில்லை. தொட்டி வயல் அல்ல, நான்கைந்து செடிதான். கைவேலையே போதும்.

செடியை வெளியே எடுங்கள். வேரோடு எடுக்க முடிந்தால் வேரையும் கழுவிப் பாருங்கள், வேரில் இருக்கும் மாவுப்பூச்சி தனி வகை, அதைக் கவனிக்காமல் மேலே துடைத்துப் பயனில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள், தொட்டதும் பஞ்சு கரைந்து உடல் பழுப்பாகும். பிறகு குழாய்த் தண்ணீரில் இலையின் அடிப்பக்கம் வரை நன்றாக அலசுங்கள், உலரட்டும். ஒரு வாரம் வெளியே தனியாக வைத்து மறுபடி பாருங்கள். முட்டை எங்காவது ஒளிந்திருக்கும், ஐந்தாறு நாளுக்கு ஒரு முறையாக மூன்று தடவையாவது செய்தால்தான் சுத்தமாகும். மோசமாக அடைந்துபோன கிளையை வெட்டிக் குப்பையில் போடுங்கள். மணி பிளாண்ட் தானே, ஒரு கணு மிஞ்சினால் போதும், மறுபடி வந்துவிடும்.

இலைப்பேனுக்கு மட்டும் நான் வெளி உதவி கேட்பேன். நியோசியூலஸ் குக்குமெரிஸ் என்ற வேட்டை உண்ணி சின்னப் பொட்டலமாக வரும், இளம் இலைப்பேன்களைத் தின்னும், செடியில் மாட்டிவிட்டால் போதும். பல்லிக்கு எட்டாத இடமாகப் பாருங்கள், பொட்டலத்தை நக்கும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், சாம்பிராணி

இயற்கை என்றாலே நமக்குக் கை வேப்பெண்ணெய்க்குத்தான் போகும். வீட்டுத் தோட்டத்தில் நானே அடிக்கிறேன், கத்தரிக்கும் செம்பருத்திக்கும் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் தொட்டிக்குள் வேண்டாம். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரிப்பதைக் கெடுத்துத்தான் வேலை செய்கிறது. ஐசோபாட்டும் ஸ்பிரிங்டெயிலும் தோலுரித்துத்தான் வளர்கின்றன. எண்ணெயோ இலைமேல் படலமாக நிற்கும், அதை யார் நக்குவார்கள் என்று சொன்னேன். வெளியே எடுத்த செடிக்கு அடிப்பதானால் அடித்து, இரண்டு வாரம் தள்ளி வைத்து, அலசிவிட்டு உள்ளே வையுங்கள்.

டயட்டோமேசியஸ் எர்த் என்ற பாசிப்படிவத் தூள் ஐசோபாட்டின் மேல்தோலையும் கீறி உலர்த்திவிடும். வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கற்பூரம், கொசுவர்த்தி எதுவும் தொட்டி இருக்கும் அறையில் கூடாது, மூடிய பெட்டியில் இருக்கும் சின்ன நுரையீரல் அது. இலவங்கப்பட்டைத் தூள், பூண்டுத் தண்ணீர் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். செடிகொடிக்கு எது இயற்கை என்பதும் பல்லிக்கு எது பாதுகாப்பு என்பதும் வேறு வேறு கேள்வி.

புழுக்கள், நத்தைகள்

நத்தையும் ஓடில்லா நத்தையும் செடியோடு வரும், இளங்குருத்தைத் தின்னும். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் விடாமல் செய்தால் முடிந்துவிடும்.

தட்டைப்புழு வந்தால் கவனம். தலை சுத்தியல் மாதிரி இருக்கும் பிபாலியம் கெவென்சே என்ற வகைக்கு அந்தப் பெயர் வந்ததே லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் முதலில் அடையாளம் கண்டதால்தான், 1878இல். செடி வியாபாரத்தோடு உலகம் சுற்றும் புழு அது. வெட்டினால் துண்டுகள் தனித்தனிப் புழுவாகும். வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து ஆல்கஹாலில் போடுங்கள். நெமெர்ட்டியன் என்ற இன்னொரு மெல்லிய புழு துப்புரவுப் படையைக் குறிவைத்துத் தின்னும். ஸ்பிரிங்டெயில் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால் ராத்திரி கைவிளக்கோடு கண்ணாடி ஓரங்களைப் பாருங்கள். அது பெருகிவிட்டால் மண்ணை மாற்றுவதைத் தவிர நான் நம்பும் வழி வேறில்லை.

உள்ளே வருவதற்கு முன்னால்

இவ்வளவு பாடும் படாமல் இருக்கலாம், வாசலிலேயே நிறுத்தினால். வாங்கிய செடியை நேரே தொட்டியில் நடாதீர்கள். கடை மண் முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, புதுமண்ணில் வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் வேறு அறையில். எனக்கு ஒரு அனுபவம் இருக்கிறது. அழகான ஒரு பெப்பரோமியாவை வாங்கி, அவசரத்தில் அன்றைக்கே நட்டேன். பத்து நாளில் அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங்டெயில்கூட இல்லை, ஐசோபாட்கள் புரண்டு கிடந்தன. பூச்சி வராமல் இருக்க நர்சரிகளில் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை மண்ணில் கலப்பதுண்டு, செடி அதை உறிஞ்சி இலைவரை வைத்திருக்கும், மாதக்கணக்கில். என் செடிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பல்லியை வெளியே எடுத்து, மண் முழுவதையும் கொட்டி, மறுபடி ஆரம்பித்தேன். அன்றிலிருந்து வாங்கும் இடத்திலேயே கேட்கிறேன், தெரியாது என்று சொன்னால் அந்தச் செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டித் தண்ணீரில் வேர்விட வைத்து, அதிலிருந்து வளர்ந்த அடுத்த கிளையை நடுகிறேன். நாளாகும், பரவாயில்லை.

சருகு பொறுக்குவதிலும் இதே எச்சரிக்கை. இங்கே உண்ணிக்குப் பயந்து வீட்டுப் புல்வெளிகளில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், அந்த இலைகள் வேண்டாம். சாலையோரமும் வேண்டாம். மருந்தடிக்காத இடத்து ஓக் இலையை எடுத்து, இருபது நிமிடம் கொதிக்க வைத்து உலர்த்துங்கள். நார்த்தூள் கட்டியைக் கொதிநீரில் ஊறவையுங்கள். மரக்கட்டைக்கும் கொதிநீர். புதுத் தொட்டியில் துப்புரவுப் படையை விட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் அது பெருகிய பிறகு பல்லியை விடுங்கள். நிறைந்து பெருகிய ஸ்பிரிங்டெயில் கூட்டம் இருக்கும் மண்ணில் நாட் புழுவுக்குத் தீனி குறைவு.

பாம்பு உண்ணி என்றால்

ஓஃபியோனிசஸ் நேட்ரிசிஸ். இரத்தம் குடிப்பது. கறுத்த சின்னப் புள்ளியாகச் செதில்களுக்கு நடுவில், கண்ணோரம், தாடைக்கு அடியில் இருக்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கும். பல்லியை ஈரமான வெள்ளை டிஷ்யூவால் மென்மையாகத் துடைத்துப் பாருங்கள், புள்ளி நகர்ந்தாலோ சிவப்பாகக் கறை பட்டாலோ சந்தேகமே வேண்டாம். பாம்புகளுக்குத்தான் அதிகம், பல்லிகளுக்கும் வரும். காட்டில் பிடித்த பல்லிகளில் கெக்கோபியா என்ற சிவப்பு உண்ணியும் இருக்கும்.

இதற்கும் வேட்டை உண்ணிகள் விற்கிறார்கள், செய்லீட்டஸ் எருடிட்டஸ் என்று ஒன்று; ஸ்ட்ராட்டியோலேலாப்ஸும் உதவும். நான் அவற்றைத் துணைக்கு வைப்பேன், அவற்றை மட்டும் நம்ப மாட்டேன், ஏனென்றால் இரத்தம் குறைந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி உயிருக்கு மூன்று வாரம் காத்திருக்க நேரமில்லை. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். பல்லி வெறும் பேப்பர் டவல் விரித்த பெட்டிக்குப் போகட்டும், டவலை தினமும் மாற்றி, எடுத்ததைப் பையில் கட்டி வெளியே போடுங்கள். தொட்டியின் மண்ணும் சருகும் முழுக்கக் குப்பைக்கு, மனசு வலிக்கும், ஆனால் இடுக்குகளில் முட்டை இருக்கும். கண்ணாடியை வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். மருத்துவர் தரும் மருந்தைப் பல்லிக்கு மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும். கடையில் நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தை ஊகித்துப் போடாதீர்கள், ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிராபத்து, பல்லிக்கும் அளவு தவறினால் கெடுதி.

புதிதாக வரும் எந்தப் பல்லியையும் அறுபது முதல் தொண்ணூறு நாள் இதே மாதிரி பேப்பர் டவல் பெட்டியில், வேறு அறையில் வைத்திருங்கள். பழைய தொட்டிக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, கடைசியாகத்தான் புதுசுக்குப் போக வேண்டும்.

நான் இப்போது ஞாயிறு ராத்திரிதோறும் பத்து நிமிடம் கைவிளக்கோடு தொட்டி முன்னால் உட்காருகிறேன். வடிகால் தண்ணீர் எவ்வளவு உயரம், மேல்மண் காய்ந்திருக்கிறதா, மணி பிளாண்டின் கணுக்கள், புரோமிலியாட் இடுக்கு, ஒரு சருகைப் புரட்டினால் அடியில் ஸ்பிரிங்டெயில் சிதறுகிறதா. பல்லி அந்த நேரத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என் விளக்கையே பார்க்கும், அப்போது அதன் தாடையடியையும் கால்விரல்களையும் பார்த்துவிடலாம்.